காலி நாற்காலிகளின் கணக்குப்பிள்ளை

சென்ற இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது "நான் புரோவோஸ்டாக இருந்த ஆறு வருஷத்தில்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதென்ன பதவி, அங்கே என்ன வேலை, எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த மாதப் பக்கங்களை அதற்கே கொடுத்துவிடுங்கள் என்கிறார் ஆசிரியர். நான் வேலை பார்த்தது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம். கீழே வருகிறவர்களில் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

புரோவோஸ்ட் என்பவர் துணைவேந்தர் மாதிரியா, பதிவாளர் மாதிரியா? அகராதியைப் பார்த்தால் 'நகரத் தலைவர்' என்று போட்டிருக்கிறது!
— ஒரு கல்லூரி ஆசிரியை

அகராதி பொய் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் மேயருக்கு அதுதான் பெயர். லத்தீனில் 'பிரேபோசிடஸ்' என்றால் முன்னே வைக்கப்பட்டவர். யாருக்கு முன்னே என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியிலும் தலைவரே புரோவோஸ்ட்தான். அமெரிக்காவிலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1930 வரை அப்படித்தான் இருந்தது. அந்த வருஷம்தான் அவருக்கு மேலே பிரசிடென்ட் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஹார்வர்டு 1945இல் முதல் புரோவோஸ்டை நியமித்தது. 1953இல் அவர் இறங்கியதும் பதவியும் போயிற்று. 1992இல்தான் மறுபடி உயிர் வந்தது. ஏறக்குறைய நாற்பது வருஷம் அவர்கள் அப்படி ஒருவர் இல்லாமலே ஓட்டியிருக்கிறார்கள் என்பதை என் டீன்கள், அதாவது பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தலைவர்கள், அவ்வப்போது எனக்கு நினைவுபடுத்துவார்கள்.

இன்றைய அமெரிக்க ஏற்பாடு இதுதான். பிரசிடென்ட் வெளியே பார்ப்பவர்: நன்கொடையாளர்கள், சட்டமன்றம், பத்திரிகைகள், ஃபுட்பால் அணி. புரோவோஸ்ட் உள்ளே பார்ப்பவர்: பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், ஆராய்ச்சி, நூலகம், இவற்றுக்கான பணம். டீன்கள் எல்லாரும் அவருக்குக் கீழே. துணைவேந்தர் வேலையை இரண்டாகக் கிழித்தால் உள்பக்கத்துப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் இதே வேலையைச் செய்பவருக்குக் 'கல்வித் துணைத்தலைவர்' என்று பெயர். பலகையில் எது இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

உங்கள் கையில் இருந்த உண்மையான அதிகாரம் எது?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

காலி நாற்காலி ஐயா. வேறொன்றும் இல்லை.

ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் துறைக்குச் சொந்தம் என்று துறை நினைத்துக்கொண்டிருக்கும். எங்கள் விதிப்படி அது என் அலுவலகத்துக்குத் திரும்பி வந்துவிடும். அதை அதே துறைக்குக் கொடுப்பதா, வேறு துறைக்கா, இல்லை அந்தச் சம்பளத்தைப் பட்ஜெட் ஓட்டையை அடைக்க வைத்துக்கொள்வதா என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். சுற்றறிக்கை, தொலைநோக்குத் திட்டம் என்று ஆயிரம் காகிதம் எழுதலாம். பத்து வருஷம் கழித்து அந்தப் பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்பதை இந்த நாற்காலிகள்தான் தீர்மானிக்கின்றன. என் மேசை இழுப்பறையில் கோடு போட்ட மஞ்சள் நோட்டு ஒன்று இருக்கும். இடப்பக்கம் போகிறவர்கள், வலப்பக்கம் கேட்கிறவர்கள். வலப்பக்கம் எப்போதும் இடப்பக்கத்தைப்போல மூன்று மடங்கு.

ஒரு வருஷம் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தவர் முப்பத்து நான்கு வருஷச் சேவைக்குப் பிறகு ஓய்வு பெற்றார். நாலு பேர் இருந்த துறை மூன்றாயிற்று. அதே சமயம் கணினி அறிவியலில் முதலாண்டு வகுப்புக்கு இடம் கிடைக்காமல் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் துறைத்தலைவர் கைப்பேசியில் படிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். லத்தீன் துறைத்தலைவர் படம் எதுவும் கொண்டுவரவில்லை. "மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு பட்டப்படிப்பை நடத்த முடியாது. இன்னொருவர் போனால் நீங்கள் எங்களை மூட வேண்டியதில்லை, நாங்களே மூடிப்போவோம்" என்றார், நிதானமாக.

கணினித் துறைக்குத்தான் கொடுத்தேன். கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் நான் கணக்கைப் பார்த்து முடிவெடுத்தேனா, அந்தப் படிக்கட்டுப் படத்தைப் பார்த்து முடிவெடுத்தேனா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. லத்தீன் துறைத்தலைவர் இரண்டு வருஷம் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. மூன்றாவது வருஷம் சொன்னார். அதற்குள் அவருக்கே ஓய்வு தேதி வந்துவிட்டது. அந்த இடம் எனக்கு வர வேண்டியதாயிற்றே!

உங்கள் கையெழுத்தால் யாருக்காவது வேலை போயிருக்கிறதா?
— முனைவர் பட்ட மாணவி

போயிருக்கிறது.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். உதவிப் பேராசிரியராகச் சேர்கிறவருக்கு அதிகபட்சம் ஏழு வருஷம் தகுதிகாண் காலம். அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட 1940ஆம் வருஷ அறிக்கையிலிருந்து வந்த வழக்கம் அது. பெரும்பாலும் ஆறாவது வருஷத்தில் 'டென்யூர்' என்கிற நிரந்தரப் பணிக்கு அவருடைய கோப்பு கிளம்பும். துறை வாக்களிக்கும், கல்லூரிக் குழு வாக்களிக்கும், டீன் எழுதுவார், பல்கலைக்கழகக் குழு பார்க்கும், பிறகு எனக்கு வரும். எனக்கு மேலே பிரசிடென்டும் ஆட்சிக் குழுவும் இருந்தாலும் நான் 'இல்லை' என்று எழுதினால் அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கிடைக்காதவர் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. இன்னும் ஒரு வருஷம் பாடம் எடுக்கலாம். எல்லாருக்கும் தெரிந்த நிலையில் அதே வராந்தாவில் ஒரு வருஷம் நடப்பது சலுகையா தண்டனையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை எனக்கு வேறு வாழ்க்கை கிடையாது. நாற்பது கோப்புகள், ஒவ்வொன்றும் இருநூறு பக்கம். என் வழக்கம், முதலில் அந்த ஆசிரியரே தன் வேலையைப் பற்றி எழுதியதைப் படிப்பது, பிறகு வெளி மதிப்பீட்டாளர் கடிதங்கள், அதன் பிறகு துறையின் கடிதம். எத்தனைக்கு எத்தனை வாக்கு என்பதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முன்னாலேயே பார்த்துவிட்டால் மற்றதை அந்த எண்ணிக்கைக்குத் தோதாகப் படிக்க ஆரம்பித்துவிடுவோம்.

நீங்கள் கேட்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். துறையில் ஏழு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. கல்லூரிக் குழுவில் மூன்று பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. டீன் ஆதரவு. எட்டு வெளிக் கடிதங்கள். அதில் ஒன்று இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தது: கடும் உழைப்பாளி, சகாக்களோடு இணக்கமானவர், கூட்டங்களுக்கு நேரத்துக்கு வருபவர். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. "உங்கள் பல்கலைக்கழகத்தில் இவருக்கு நிரந்தரப் பணி கொடுப்பீர்களா?" என்று எல்லாரிடமும் கேட்டிருந்தோம். "எங்கள் விதிமுறைகள் வேறு" என்று முடித்திருந்தார். கடிதங்களில் திட்டுவதற்கு யாரும் துணிவதில்லை. எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று தேடுவதுதான் இந்த வாசிப்பு. எட்டில் மூன்று அப்படி இருந்தன. 'இல்லை' என்று எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து என்னைப் பார்க்க நேரம் கேட்டு வந்தார். கோபம் இல்லை. ஒரே கேள்வி: "எந்தக் கடிதம்?" எங்கள் விதிப்படி அந்தக் கடிதங்கள் ரகசியம். சொல்ல முடியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அச்சாகாத ஒரு கட்டுரையை என் மேசையில் வைத்துவிட்டு, "நேரம் இருந்தால் படியுங்கள்" என்று போய்விட்டார்.

அந்தக் கட்டுரை அடுத்த வருஷம் வெளிவந்தது. நல்ல கட்டுரை. நான் படித்தேன்.

சம்பளம் எவ்வளவு மேடம்? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கூச்சப்பட எனக்கு வழியே இல்லை. அங்கே பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழக ஊழியர் சம்பளம் பொது ஆவணம், பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை. டீன்களைவிட அதிகம், பிரசிடென்டைவிடக் குறைவு, ஃபுட்பால் பயிற்சியாளருக்குப் பக்கத்தில்கூட வராது. பல மாநிலங்களில் அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே முதலிடம் ஏதாவது ஒரு பயிற்சியாளருக்குத்தான்.

நான் உதவிப் பேராசிரியர், வயது 34. நிர்வாகத்தில் ஆர்வம் உண்டு. புரோவோஸ்ட் ஆவதற்கு இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்?
— அமெரிக்காவில் பணிபுரியும் வாசகர்

இப்போதைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். உங்கள் ஆராய்ச்சியைப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. முழுப் பேராசிரியர் ஆகாமல் நிர்வாகத்துக்குப் போனவர், மற்றவர்களின் கோப்பில் 'ஆராய்ச்சி போதாது' என்று எழுதும்போது எதிரே இருப்பவர் மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்வார் என்று யோசியுங்கள். பல வருஷம் கழித்து உங்களுக்கு அந்த இடத்தில் நிற்க ஒரு தரை வேண்டும்.

வழக்கமான ஏணி தெரிந்ததுதான்: துறைத்தலைவர், இணை டீன், டீன், புரோவோஸ்ட். இதற்கென்று ஒரு படிப்பு கிடையாது. ஏணி இல்லாமல் ஏறியவர்களும் உண்டு. பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான கண்டலீசா ரைஸ் 1993இல் ஸ்டான்ஃபோர்டின் புரோவோஸ்ட் ஆனபோது வயது 38. துறைத்தலைவராகவோ டீனாகவோ ஒருநாளும் இருந்ததில்லை. வந்ததும் பட்ஜெட் பற்றாக்குறையைத்தான் கையிலெடுத்தார், பகையும் சம்பாதித்தார். அதே நாற்காலியில் 1955 முதல் 1965 வரை இருந்த ஃபிரெடெரிக் டெர்மன் வேறு ரகம். பொறியியல் டீனாக இருந்து ஏறியவர். சில துறைகளில் நல்ல ஆட்களைக் கோபுரம்போலக் குவிப்பது என்று தீர்மானித்துக் குவித்தவர். சிலிக்கான் பள்ளத்தாக்கின் தந்தை என்கிறார்களே, அவர்தான். இந்த இருவரையும் வைத்து 'இப்படிப்பட்டவர்தான் வேண்டும்' என்று யாராவது விதி எழுதட்டும் பார்ப்போம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாரும் விரும்பாத குழுக்களில் சேருங்கள். பாடத்திட்டக் குழு, அதைவிட முக்கியமாக அங்கீகாரத்துக்கான சுயமதிப்பீட்டுக் குழு. எங்கள் பகுதியில் ஹையர் லேர்னிங் கமிஷன் என்கிற அங்கீகார அமைப்பு, பத்தாண்டுக்கு ஒரு முறை முழுதாகப் பார்ப்பார்கள். அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கு மத்திய அரசின் கடனும் உதவித்தொகையும் நின்றுவிடும், அதோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். நான் அந்த அறிக்கைக்கு நாற்பது வயதில் குமாஸ்தா வேலை பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் எந்தக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

போகும்போது என்ன இழப்பீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் வேதியியல்காரி. டீனான இரண்டாம் வருஷம் என் கடைசி ஆராய்ச்சி மாணவி பட்டம் வாங்கினாள். அன்று சாயங்காலம் ஆய்வகத்துக்குப் போய் ஃப்யூம் ஹூட், அதாவது நச்சுப்புகையை வெளியே இழுக்கும் கூண்டின் விசிறியை நானே அணைத்தேன். பதினெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த இரைச்சல். அது நின்ற பிறகு அந்த அறை இவ்வளவு சின்னதா என்று தோன்றியது.

புரோவோஸ்ட் பதவி பிரசிடென்ட் பதவிக்கு முந்தின படி என்கிறார்களே?
— வங்கி ஊழியர்

யேல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே புரோவோஸ்டாக இருந்த ஹன்னா கிரே சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். ஜூடித் ரோடின் பென்சில்வேனியாவுக்கு, அலிசன் ரிச்சர்ட் கேம்பிரிட்ஜுக்கு, சூசன் ஹாக்ஃபீல்ட் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடிக்கு, ஆண்ட்ரூ ஹாமில்டன் ஆக்ஸ்ஃபோர்டுக்கு. அடுத்து வந்த பீட்டர் சலோவேயை 2013இல் யேலே தலைவராக்கிக்கொண்டது. அது அலுவலகமா நாற்றங்காலா என்றே சந்தேகம் வரும். ஹார்வர்டில் 2011 முதல் புரோவோஸ்டாக இருந்த ஆலன் கார்பர், 2024 ஜனவரியில் தலைவர் விலகியதும் இடைக்காலமாக உட்கார்ந்து அதே வருஷம் நிலைத்துவிட்டார். நம்மவர்களில் சதீஷ் திரிபாதி பஃபலோ பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்டாக இருந்து 2011இல் அங்கேயே தலைவரானார். கும்பளே சுப்பஸ்வாமி கென்டக்கியில் புரோவோஸ்டாக இருந்துவிட்டு 2012இல் மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்துக்குத் தலைமை ஏற்றார். 2025 ஜூலையில் எம்ஐடியின் புரோவோஸ்டாகப் பொறுப்பேற்ற அனந்த சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர்.

எனக்கு அந்த ஆசை வரவில்லை. பணம் கேட்கத் தெரியாது. என் பிரசிடென்டோடு ஒரு நன்கொடையாளரைப் பார்க்கப் போய், அவருடைய பேரனுக்கு வேதியியலில் சந்தேகம் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தவள் நான்.

துணைவேந்தருக்குப் பதவிக்காலம் உண்டு. உங்களுக்கு?
— சட்டக் கல்லூரி மாணவர்

இந்தியாவில் துணைவேந்தருக்குச் சட்டத்தில் தகுதி எழுதியிருக்கிறது: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பேராசிரியராகப் பத்து வருஷம் அல்லது அதற்கு ஈடான அனுபவம், தேடல் குழு, பெயர்ப் பட்டியல், பிறகு நிலையான பதவிக்காலம். புரோவோஸ்டுக்கும் தேடல் குழு உண்டு, இரண்டு நாள் வளாகத்தில் நடமாட விட்டு எல்லாத் தரப்பும் கேள்வி கேட்கும் சடங்கும் உண்டு. ஆனால் நியமிப்பது பிரசிடென்ட். அவர் விரும்பும்வரைதான் பதவி. புது பிரசிடென்ட் வந்தால் உங்கள் ராஜினாமாக் கடிதத்தைத் தயாராக வைத்துக்கொள்வது மரியாதை. ஒரே ஆறுதல், அடியில் பேராசிரியர் பணி நிரந்தரமாக இருக்கும். நாற்காலி போனாலும் வகுப்பறை போகாது.

மறக்க முடியாத வாரம்?
— பள்ளி ஆசிரியை

2020 மார்ச், இரண்டாவது வாரம். கொரோனா வந்த வாரம். வசந்த விடுமுறையை ஒரு வாரம் நீட்டினோம். பத்து நாளில் மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வகுப்புகளை இணையத்துக்கு மாற்ற வேண்டும். கேமரா, மென்பொருள் இதெல்லாம் எப்படியோ நடந்துவிட்டது. நடக்காதது மதிப்பெண். எல்லாருக்கும் 'தேர்ச்சி' மட்டும் போடுங்கள் என்றார்கள் மாணவர்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களோ எங்கள் 'ஏ'யை எடுத்துவிடாதீர்கள் என்று அழுதார்கள். ஆசிரியர்களின் பிரதிநிதி சபையான ஆசிரியர் செனட் நள்ளிரவுவரை இணையத்தில் கூடி, இறுதி மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு மதிப்பெண்ணா வெறும் 'தேர்ச்சி'யா என்று மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு செய்தது. தரம் போயிற்று என்றார்கள் பாதிப்பேர். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த முடிவைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு இரவுகூடத் தூக்கம் கெட்டதில்லை. இந்தப் பதவியில் நான் அப்படிச் சொல்லக்கூடிய முடிவுகள் கொஞ்சம்தான்.

பதவியிலிருந்து இறங்கிய பிறகு வகுப்பறைக்குத் திரும்பினீர்களா? எப்படி இருந்தது?
— தங்கள் நெடுநாள் வாசகி

திரும்பினேன். முதலாண்டு பொது வேதியியல், அறுபத்திரண்டு பேர். ஆறு வருஷமாக எனக்குக் கதவு திறந்துவிடவும் நேரம் குறித்துக்கொள்ளவும் ஆட்கள் இருந்தார்கள். முதல் நாள் புரொஜெக்டரை எங்கே தட்டுவது என்றே தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த பையன் எழுந்துவந்து இரண்டு பொத்தானை அமுக்கிவிட்டு, "புதுசாகச் சேர்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அந்தப் பருவத்தின் நடுவில் வகுப்புக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். பணம் இல்லை, புரோவோஸ்ட் அலுவலகத்தில் காலியிடத்தையெல்லாம் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றார்.